கூறைக்கு நல்ல தண்ணீர்

என் அம்மாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. அப்பாவுக்கு முன்னால் சாக வேண்டும், சாகும்போது தன் கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது உடுத்திருந்த கூறையைப் பெண்கள் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். புருஷன் உயிரோடிருக்கையில் பெண் செத்துப்போனால் அதை உடுத்தித்தான் அனுப்புவார்கள். புருஷன் முந்திக்கொண்டால் அந்தச் சேலைக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. ஆகவே அம்மா இரண்டு பழைய சாமான்களைப் பழுதாகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சேலை, மற்றது அப்பா.

இரண்டில் சேலைதான் சொன்னபடி கேட்டது. அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கோப்பு எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தக்காரர். நாவற்குடா வீட்டிலிருந்து புளியந்தீவு டவுனுக்குப் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தால், பேப்பரோடு வயிற்றுக்குள் இரண்டு லட்டும் வரும். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். மீசையில் ஒரு துகள் இருந்தால் போதும்.

“நான் போன பிறகு லட்டுக்குள்ளயே படுத்துக் கிடங்க. அதுவரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இரிங்க.”

“உனக்கு என்னில இரிக்கிற பாசம் எனக்குத் தெரியும்” என்பார் அப்பா.

சேலை அரக்குச் சிவப்பு. காஞ்சிபுரத்துப் பட்டு. கரையில் கையகலச் சரிகை. ஒவ்வொரு வருடமும் மாரி மழை ஓய்ந்து பங்குனி வெயில் வந்ததும் ட்ரங்குப் பெட்டி திறக்கும். வெயிலில் போட மாட்டார், விறாந்தையில் பாய் விரித்து நிழலில்தான் போடுவார். சரிகை உள்பக்கம் போக வேண்டும். பூச்சி உருண்டை சரிகையில் பட்டால் கறுத்துவிடும் என்று, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பார். போன வருடம் மடித்த இடத்தில் இந்த வருடம் மடிக்கக் கூடாது, மடித்தால் பட்டு அந்த இடத்தில் அறுந்துபோகும். இஸ்திரிப்பெட்டியைச் சேலைக்குக் கிட்டக் கொண்டுவந்தால் என் கையை உடைப்பார். இரண்டு பழைய வேட்டிகளுக்கு நடுவில் வைத்து அப்பாவின் மெத்தைக்குக் கீழே தள்ளிவிடுவார். அப்பா அதன்மேல் சில நாட்கள் புரளாமல் நேராகப் படுக்க வேண்டும். கச்சேரியில்கூட அவரிடம் இவ்வளவு பொறுப்பான வேலையை யாரும் ஒப்படைக்கவில்லை.

பன்னிரண்டு முழம் நீண்டு கிடக்கிற பட்டை ஒரு ஆள் மடிக்க ஏலாது. மறுமுனையைப் பிடிக்கிற ஆள் இழுக்கவும் கூடாது, தொய்யவிடவும் கூடாது. அதற்கு அம்மா அடுத்த வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுவார். நான் வீட்டில் சும்மா இருந்தாலும் என்னைக் கூப்பிட மாட்டார். “நீ பிடிச்சா மாட்டுக் கயிறு பிடிக்கிற மாதிரி” என்பார். வீடு எனக்குச் சீதனமாக எழுதிய வீடு, புருஷன் கத்தாரில், நான் வீட்டுக்காரி. ஆனால் அந்த வீட்டில் ஒரு சேலை முனையைப் பிடிக்கிற தகுதி எனக்கு இருக்கவில்லை. விடுங்கள்.

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் வேலைக்குப் போன அவருடைய கணவரை வழியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். இறக்கியது யார் என்பதற்கு ஊரில் பல கதைகள். அவர் செத்ததைக் கண்டவர்கள் ஒருவருமில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. ஊருக்கு இது பெரிய இடைஞ்சல். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசிப்பார்கள். பிறகு கூப்பிட்டுப் பின்வரிசையில் இருத்துவார்கள். அக்காவும் போய்ப் பின்வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் மதிலுக்கும் அவர் மதிலுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் இடைவெளி.

இரண்டாயிரத்து நாலில் சுனாமியாகக் கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடியவில்லை. கல்லடிப் பக்கமிருந்து சனம் ஓடிவந்தது, அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. நாங்கள் தெருக்கோடியில் இருந்த மேல்மாடி வீட்டில் ஏறினோம். அக்காவும் எங்களோடு ஏறினார். அம்மா பாதிப் படியில் நின்று “பெட்டி, என்ட பெட்டி” என்று திரும்பினார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்து மேலே தூக்கினார். அந்த வயதில் அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. பிறகு அப்பா சொல்வார்: “பெட்டியா நானா எண்டு கேட்டன். மனுசி யோசிச்சிது.”

ஊருக்குப் பின்னால் இருக்கிற வாவி வரைக்கும் ஏறிவிட்டுத்தான் தண்ணீர் வடிந்தது. பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம். என் கூறை அலுமாரியோடு போய்விட்டது. எனக்கு அதில் பெரிய கவலையில்லை, கல்யாணத்தன்றே அது கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டில் பின்பாதி இடிந்து, அவருடைய கூறையும் போயிற்று. அதை அவர் வேறு யாருடையதோ சாமான் போனதுபோலச் சொன்னார். நான்தான் அழுதேன்.

அம்மாவின் ட்ரங்குப் பெட்டி போகவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி, சேறு மூடிக் கிடந்தது. அதை முதலில் கண்டது அக்கா. முகாமிலிருந்து பகலில் வந்து இரண்டு வீட்டுச் சேற்றையும் அவர்தான் அள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்திருக்கிறார். சேலை உப்புச் சேற்றோடு ஒரு கட்டியாக இருந்திருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லாமல் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு சந்தோசப்படுவா என்று நினைத்திருக்கிறார். நினைப்பில் பிழையில்லை.

அந்த நாட்களில் நிவாரணக்காரர்கள் கிணறு கிணறாக வந்து கடல் தண்ணீரை இறைத்துவிட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். குளோரின். எங்கள் கிணற்றடிக்குப் போனாலே கண் எரியும். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் இல்லை என்றுதான் எல்லோரும் நம்பினோம். அக்கா பெரிய பேசின் நிறைய அந்தத் தண்ணீரை மொண்டு, சேலையை அதற்குள் அமுக்கி, மூடி வைத்துவிட்டு முகாமுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாள் எங்களை முன்னால் விட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

“பாருங்க மாமி. மருந்து போட்ட தண்ணி. ஒரு கிருமி மிச்சமிரிக்காது.”

மூடியைத் திறந்தால் பேசினில் பீட்ரூட் அவித்த தண்ணீர். அம்மா சேலையைத் தூக்கினார். உடல் பகுதி அரைவாசி மங்கிவிட்டது. முந்தானை வெளிறி, பழுத்த பப்பாசிச் சதையின் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பேசாமலே இருந்திருக்கலாம்.

“புருசன் இரிக்கானா இல்லையா எண்டு தெரியாத கையாலயா என்ட கூறையத் தொட்டாய்?”

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் ஈரக் கையைத் தான் உடுத்திருந்த சேலையில் துடைத்தார். “அவர் இரிக்கார் மாமி” என்றார். பிறகு தன் வீட்டுப் பக்கம் போய் மண்வெட்டியை எடுத்தார். சேறு அள்ளும் சத்தம் கேட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உங்கட வாய்க்கும் கொஞ்சம் குளோரின் போடவேணும் அம்மா” என்று கத்தினேன். அம்மா சேலையைப் பிழியாமல், ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு நின்றார். உப்பும் மருந்தும் உள்ளே இருக்கக் காயவிட்டால் பட்டு பப்படம் மாதிரி நொறுங்கும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல தண்ணீர் வேண்டும். நாவற்குடாவில் அப்போது நல்ல தண்ணீர் போத்தலில்தான் வந்தது, குடிக்க.

உன்னிச்சையில் அப்பாவின் தங்கை, என் மாமி, இருந்தார். அங்கே குளம் நிரம்பி, மதகுக்கு மேலால் வழிந்து வான் பாய்கிற காலம். அம்மா ஈரச் சேலையை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தார், நாங்கள் மூவரும் புறப்பட்டோம். ஊரெல்லாம் பிணம் தேடிக்கொண்டிருந்தபோது நாங்கள் சேலை கழுவத் தண்ணீர் தேடிப் போனோம். வெட்கமாக இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் போகாமலிருக்கவும் முடியவில்லை.

வலையிறவுப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் வாளியைத் திறக்கச் சொன்னான். திறந்தோம். உள்ளே சிவப்பாக ஏதோ நனைந்து கிடந்தது. அவன் ஓரடி பின்னால் போனான். என்னுடையது, கல்யாணச் சேலை என்று சொல்ல அம்மா தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் பாவித்தார்: “மகே. மங்கல சாரி.”

அவன் அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“நான்தான் மாப்பிள்ளை” என்றார் அப்பா.

தமிழ் விளங்கியதோ என்னவோ, பொடியன் சிரித்து வழிவிட்டான். அங்காலே போனால் மற்றப் பக்கத்து, இயக்கத்தின், சோதனை. அங்கே துவக்கோடு நின்ற பிள்ளை சிரிக்கவில்லை. வாளிக்குள் பார்த்துவிட்டு, “இது இனிச் சரிவராதம்மா” என்றது. அம்மா அந்தப் பிள்ளையை முறைத்த முறைப்பில் நான் கும்பிட்டுக்கொண்டேன், கடவுளே சுடாமலிருக்க வேண்டுமே என்று.

மாமியின் வீட்டுக்குப் பின்னால் வயல் வட்டைக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் இருந்தது. அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேலையை ஓட்டத்தில் நீள விட்டார். தேய்க்கவில்லை, கசக்கவில்லை. ஓடுகிற தண்ணீரே கழுவட்டும் என்று இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு வாளியில் மொண்டு, அதற்குள் சேலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு” என்றார். மறுபடி வாய்க்கால், மறுபடி வாளி, மறுபடி நாக்கு. மத்தியானமானது. மாமி சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனார். அப்பாவும் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்து “சீனி இல்ல” என்று சொல்லி ஏச்சு வாங்கினார். உப்பு நின்ற பிறகு, நிவாரணப் பொதியில் வந்த குழந்தைச் சவுக்காரத்தை நுரையாக்கி ஒருமுறை மட்டும் தோய்த்து அலசினார். துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, மருத மர நிழலில் பாயில் போட்டார். அன்று மாமி வீட்டுக் கட்டிலில் அப்பா நேராகப் படுத்தார்.

சேலை பிழைத்தது. சரிகை கொஞ்சம் கறுத்தாலும் கரையை விடவில்லை. முந்தானை மட்டும் பப்பாசிதான். “செத்தவளிட முந்தானைய ஆரு பாக்கப்போறா?” என்றார் அம்மா. அப்படியானால் மற்றதை மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீடு திரும்பிய பிறகு அம்மாவும் அக்காவும் கதைப்பது நின்றுபோனது. முருங்கைக்காயை மதில்மேல் வைத்துவிட்டுப் போவார்கள், இவர் அவருக்கும் அவர் இவருக்கும். வாய் மட்டும் திறக்கவில்லை. அடுத்த பங்குனி வந்தது. சேலையை மடிக்க வேண்டும். அம்மா மறுமுனையை என்னிடம் தந்தார். மாட்டுக் கயிறு என்று ஏசிவிட்டுப் பறித்தார். அப்பாவிடம் தந்தார். அப்பா இருமியதில் முனை நிலத்தில் விழுந்தது. அம்மா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு விறாந்தையில் நின்று மதில் பக்கம் திரும்பி, யாரையும் பார்க்காமல் குரல் கொடுத்தார்:

“இஞ்ச ஒரு கை தேவையா இரிக்கு.”

அந்தப் பக்கம் தும்புத்தடியால் முற்றம் கூட்டுகிற சத்தம் நின்றது. அக்கா கையைக் கழுவி, துடைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தார். முனையைப் பிடித்தார். இருவரும் மடித்தார்கள். மன்னிப்பு, கண்ணீர் ஒன்றும் கிடையாது. “வலப்பக்கம் கொஞ்சம் விடு மகள்” என்றார் அம்மா. அக்கா விட்டார். சண்டை அப்படித்தான் முடிந்தது.

பிறகு வாவிக்கு அங்கால படுவான்கரையில் ஷெல் அடி தொடங்கி, சனம் இங்கால வந்து, ஊர் நிறைந்து, ஒருவழியாக இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்ததென்றார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அக்கா மட்டும் முகம் தெளிந்து வந்தார்.

“சண்ட முடிஞ்சா பிடிச்சி வச்சிரிக்கிற ஆக்கள விட்டுத்தானே ஆகணும் மாமி?”

அம்மா அவரைப் பார்த்தார். “ஓம் மகள். விடத்தானே வேணும்” என்றார். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். பஸ் வரும் நேரங்களில் வாசல் படலையில் நின்றார். யார் யாரோ வந்தார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மாதங்கள் போகப்போகப் படலையில் நிற்பது குறைந்தது. அந்த மாரியில் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்தோம். திரும்பிப் பெட்டியில்தான் வந்தார்.

அக்காவுக்கு இருந்த ஒரே உறவு அவருடைய கணவரின் தங்கை. அந்த மனுசி வெள்ளைச் சேலையோடு வந்து இறங்கினார். “அண்ணனுக்கு நாங்க எப்பவோ கருமாதி செய்து முடிச்சம். இவதான் கேக்கல்ல. இப்பயாவது முறையா உடுத்தி அனுப்புவம்” என்றார். தாலியைக் கழற்றவும் கை போயிற்று. அவரும் கெட்டவரில்லை, தன் அண்ணனை ஒருமுறை சாகக் கொடுத்து அழுது தீர்த்தவர். மறுபடி உயிரோடு வைத்திருக்க அவருக்குத் தெம்பில்லை.

அம்மா எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் பின்னால் வந்தேன். ட்ரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டதும் விளங்கிவிட்டது.

“அம்மா, அப்ப உங்களுக்கு?”

“எனக்கென்ன. நான் சொன்ன சொல்லு அந்தக் கிணத்து மருந்த விடப் பொல்லாதது மகள். இத்தின வருசம் நெஞ்சுக்குள்ள கிடந்து எரியிது.”

கதிரையில் இருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இனி நான் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாமோ?” என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா அவரைக் கடந்து போகும்போது தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனார்.

சேலையைக் கண்டதும் அந்த வீட்டில் பேச்சு எழும்பியது. புருஷன் இருக்கிற பெண்ணின் கூறையை இன்னொருத்திக்கு உடுத்துகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு கிழவி கேட்டார்.

“இது தாலி ஏறின சேலை. ஆர்ர தாலி எண்டு சேலைக்குத் தெரியாது” என்றார் அம்மா.

“அவர் செத்து எத்தின காலம் மாமி” என்று அந்தத் தங்கை அழுதார்.

“நீ கண்டாயா? நான் காணல்ல. கண்டவங்க ஆராவது இரிந்தா முன்னுக்கு வாங்க.”

ஒருவரும் வரவில்லை. அம்மா கதவைச் சாத்தினார். உள்ளே நாங்கள் மூவர்தான், அம்மா, நான், அந்தத் தங்கை. அம்மா கொசுவம் வைத்தார். மங்கிய இடங்களை உள்மடிப்புக்குள் விட்டு, நல்ல சிவப்பை வெளியே எடுத்தார். முந்தானையைத் தோளில் போட்டபோது ஓரிடத்தில் பட்டு அறுந்தது. அம்மா அதன்மேல் இன்னொரு மடிப்பைப் போட்டு மறைத்தார். எனக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு அழுகை. அந்தத் தங்கைதான் கடைசியில் குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினார். அம்மா பொட்டு வைத்தார்.

பிறகு சவப்பெட்டிக்கு மேலே குனிந்து, அக்காவின் காதுக்குக் கிட்டே வாயை வைத்தார்.

“நீ போ மகள். அவன் வந்தா நான் சொல்லுறன், கூறையோடதான் போனவள் எண்டு.”